ஓரத்தில் உட்கார்ந்த பையன்

கோவில்பட்டி என்றால் தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் மட்டுமல்ல, ஹாக்கியுந்தான். 2022-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பைப் பந்தயத்தில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரனும் ஆடினார். அந்த உற்சாகத்தில் நாமும் பள்ளிக்கூடத்தில் ஓர் அணி சேர்த்தோம்.

அதில் இடைசெவல் பையன் ஒருவன். பயிற்சியில் வெகு கெட்டிக்காரன். ஆயினும், தோற்றுவிடுவோமோ என்றஞ்சி, பந்தயந்தோறும் அவனை ஓரத்திலேயே உட்கார்த்தி வைத்தோம். கடைசிப் பந்தயத்தில், தோற்கும் தறுவாயில், இறக்கினோம். மட்டைக்கு நேரே வந்த பந்தைத் தவறவிட்டான். மறுநாள் முதல் மைதானத்துக்கு வரவில்லை.

ஹாக்கி விதி என்ன சொல்லுகிறது? வெளியே வந்தவன் மறுபடியும் இறங்கலாம். இத்தனை தடவை என்ற வரையறை கிடையாது. சர்வதேசப் பந்தயங்களில் 15 நிமிஷக் கால்பகுதிகள் 4. களைத்தவனுக்கு ஓய்வு, காத்திருப்பவனுக்கு ஆட்டம், இருவருக்கும் நன்மை. பந்தய வேளையின் படபடப்பு ஆடி ஆடித்தான் அடங்கும்.

உழாமல் கிடக்கும் கொழுவில் துரு ஏறினால், கொழுவையா நோவது? உண்மையில் தவறவிட்டவர் நாமே. இடைசெவலுக்குப் போய் அவனிடமே இதை ஒப்புக்கொண்டோம். இனி ஒவ்வொரு பந்தயத்திலும் முதற் கால்பகுதியிலேயே இறங்க வேண்டும் என்றோம். சம்மதித்தான்.