மேல்கட்டில் யாருக்கு?

எங்கள் பெரிய வீட்டில் பிள்ளைகளுக்கென்று ஒரு கட்டில்கூடக் கிடையாது. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடு; வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. அது அந்தப் புள்ளிக்கு, அதாவது அந்தக் கணவன் மனைவிக்கு. சீர்ச் சாமான்கள் பாதி அறையை அடைத்துக்கொள்ளும், தேக்குக் கட்டில் மீதியை அடைக்கும். பிள்ளைகள் எல்லாரும் வளவுப் பத்தியில்தான். ஜமுக்காளத்தை விரித்து, சுவரோரம் அப்பத்தா, அவரை ஒட்டிக் கடைக்குட்டி, அப்புறம் வயது வாரியாக நாங்கள். விடுமுறைக்குத் தேவகோட்டையிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் அயித்தை பிள்ளைகள் வந்தால் இன்னொரு ஜமுக்காளம் விரிப்பார்கள். உருண்டு போனாலும் அடுத்தவன் மேல்தான் போய் விழ வேண்டும்.

இப்போது நாங்கள் இருப்பது காரைக்குடியில் மகன் கட்டிய வீடு. பிள்ளைகள் அறை பத்துக்குப் பத்து. பேரனுக்கு 9 வயது, பேத்திக்கு 6 முடிந்துவிட்டது. இரண்டு கட்டிலைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பீரோவைத் திறக்க முடியாது, மேசைக்கு இடமே இல்லை. அடுக்குக் கட்டில் வாங்கலாம் என்று மருமகள் சொன்னதும் பிள்ளைகள் இரண்டும் குதித்தன. அதுகளுக்கு இந்த ஆசை வந்தது ரயிலில். ராத்திரி போட் மெயிலில் சென்னைக்குப் போகும்போதெல்லாம் அப்பர் பெர்த் யாருக்கு என்ற சண்டை புதுக்கோட்டை தாண்டியும் ஓயாது. அந்த பெர்த்தை வீட்டுக்கே கொண்டுவரப் போகிறோம் என்றால் சும்மா இருக்குமா?

முதலில் முனீஸ்வரன் கோவில் தெருவில் தேடினோம். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. இடித்த வீடுகளின் தூண், நிலை, கதவு, எனாமல் பாத்திரம், சுவர்க் கடிகாரம் எல்லாம் இருந்தன. கட்டிலும் வகைவகையாக இருந்தது. ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியது மட்டும் கண்ணில் படவில்லை. பர்மாவிலிருந்து தேக்கைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். வீடு ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை போகிறபோது கட்டிலை ஏன் மேல்நோக்கிக் கட்ட வேண்டும்?

கடைசியில் புதுச் சாமான் கடைக்கே போனோம். இரும்புக் குழாய், மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, ரப்பர் மரம் என்று மூன்று வகை காட்டினார்கள். இரும்பு, பிள்ளை புரண்டால் கீச்சென்றது. தூள் பலகையில் ஒரு தடவை கழற்றி மாட்டினாலே திருகுக் குழி உதிர்ந்துவிடும். ரப்பர் மரத்தை எடுத்துக்கொண்டோம். "மலேசியா மரம், ஆச்சி" என்றார் கடைக்காரர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் 1876-இல் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறுவருடமே அதில் முளைத்த 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மலாயாத் தோட்டங்களுக்கு மூலம் அதுதான். அந்தத் தோட்டங்களுக்கு வட்டிக்குப் பணம் கொடுத்தவர்களிலும், பிறகு தோட்டம் வைத்திருந்தவர்களிலும் நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர். இங்கே நிற்கிற பல வீடுகளில் ரப்பர்ப் பணம் கலந்திருக்கிறது. அன்றைக்கு அந்த மரத்தில் பால்தான் காசு. இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்ததும் வெட்டி அடுப்பில் வைப்பார்கள். வெட்டியவுடன் பூஞ்சையும் வண்டும் பிடிக்கிற மரம் அது. போராக்ஸ் கரைசலில் ஊறவைத்து, சூளையில் உலர்த்திக் கட்டில், நாற்காலி செய்யத் தொடங்கியதெல்லாம் பின்னால் வந்த கதை. ஈரம் மட்டும் இன்றைக்கும் அதற்கு ஆகாது. ஈரத் துணியால் துடைக்காதீர்கள்.

அட்டைப் பெட்டிகளைக் கூடத்தில் பிரித்துப் பரப்பினோம். விளக்கத் தாளில் எழுத்தே இல்லை, வெறும் படம். நட்டுப் பொட்டலத்தில் வாஷர் குறைந்தது. கடையில் கேட்டால், கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். ஆசாரியைக் கூப்பிட்டேன்.

"இதுக்கு ஆசாரி எதுக்கு, ஆச்சி? ஸ்பானர் பிடிக்கத் தெரிஞ்சாப் போதும்" என்றவர், பையிலிருந்து முதலில் எடுத்தது ரசமட்டத்தை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் ஒரு கால் மட்டும் தரையைத் தொடவில்லை. "கீழே ஒரு நூல் சாஞ்சா மேலே ஒரு விரக்கடை ஆடும்" என்று பிளைவுட் துண்டைச் சீவி அடியில் கொடுத்தார். சட்டங்களை எல்லாம் தளர்வாகவே மாட்டி நிறுத்தி, மூலைமட்டம் பார்த்த பிறகுதான் ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினார். ரீப்பர் கட்டைகளைச் சும்மா வரிசையாக வைத்தால் போதும் என்று படத்தில் இருந்தது. அவர் கேட்காமல் ஒவ்வொன்றுக்கும் திருகு போட்டார். கட்டிலைச் சுவரோடு சேர்த்து இரண்டு இடத்தில் பிடிக்கவும் வைத்தார். பெரிய வீட்டுத் தேக்குக் கட்டில் துளையும் கழுந்துமாக இறக்கி மூங்கில் ஆணி அடித்தது, மூன்று தலைமுறையாக ஆடவில்லை. இது நட்டும் போல்ட்டும். "பிள்ளைக ஏறி இறங்க ஏறி இறங்க லூசாகும். லீவு விட்டா ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை முறுக்கி விடுங்க."

கட்டில் நின்றபிறகு அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு சுவிட்சைத் தட்டினார். "இந்த ஃபேன் இருக்கிற வரைக்கும் பிள்ளைய மேலே ஏத்தாதீங்க."

நியாயம்தான். கூரை பத்தடி. விசிறி இறக்கை ஒன்பதடிக்கும் கீழே. மேல்கட்டில், மெத்தையோடு சேர்த்து ஐந்தடி. அதில் நாலேகால் அடிப் பையன் எழுந்து நின்றால் தலை ஒன்பதடியைத் தாண்டிவிடும். நிற்காதே என்று சொல்லலாம். போர்வையை உதறாதே, தலையணையை வீசாதே என்று எத்தனை சொல்வது? பெரிய வீட்டுக் கூரை அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற உயரம், அங்கே இந்தக் கவலை எழாது. மற்ற ஆபத்துகளைத் தடுக்க, அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டிலிருந்து அடுக்குக் கட்டிலுக்குச் சட்டமே இருக்கிறது. தடுப்புச் சட்டம் மெத்தைக்கு மேல் 5 அங்குலமாவது நிற்க வேண்டும். இடைவெளி மூன்றரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். 6 வயதுக்குட்பட்ட பிள்ளையை மேலே படுக்கவிடாதீர்கள் என்று கட்டிலிலேயே எச்சரிக்கை ஒட்ட வேண்டும். இந்த அளவுகளை நாமும் வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் தள்ளிவிடப் பார்க்கும் எட்டங்குல மெத்தை தடுப்பை விழுங்கிவிடும். மேலே மெல்லியதாக ஒன்று போதும். ஆனால் தலைக்கு மேல் சுற்றுகிற விசிறி நம் ஊர்க் கவலை, அதை நாம்தான் பார்க்க வேண்டும். கூரை விசிறியைக் கழற்றிவிட்டு, கூண்டு போட்ட சுவர் விசிறியை எதிர்ச் சுவரில் மாட்டினோம். கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து கழற்றி உள்சுவருக்கு நகர்த்தி, அங்கே மறுபடி பிடித்தோம். கத்திரி வெயிலில் பகலெல்லாம் குடித்த சூட்டை மேற்குச் சுவரும் கான்கிரீட் கூரையும் ராத்திரிதான் கக்கும். மேலே படுப்பவன் வேர்த்துப் போவான்.

மேல்கட்டில் யாருக்கு என்பதில் பாகப்பிரிவினை மாதிரிப் பேச்சு நடந்தது. பேத்தி, "நான்தான் சின்னப் பிள்ளை, அப்பத்தா, எனக்குத்தான்" என்று அழுதாள். சின்னப் பிள்ளை என்பதால்தான் கீழே என்று தீர்ப்புச் சொன்னேன். பத்து வயதானதும் மேலே என்று மகன் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். கொசுவலையைக் கீழ்க்கட்டிலுக்குக் கால்களிலேயே கட்டிவிட்டோம். மேலே கயிறு, சேலை, துண்டு எதுவும் தொங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

இடம் குறைந்த வீட்டுக்கு இது நல்ல சாமான்தான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வாங்க நினைப்பவர்கள் கடைக்குக் கிளம்புமுன் பிள்ளைகள் அறை விசிறியை நிறுத்திவிட்டு, தரையிலிருந்து இறக்கை எத்தனை அடி என்று அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே உங்கள் பிள்ளையின் உயரத்தையும் எழுதிக்கொண்டு போங்கள்.