சுக்கானும் சொல்லும்

மல்லாங்கிணற்றுப் பக்கத்துக் கவிதைகளிலும் படகு வந்துவிடுகிறது. கரிசலையும் கண்மாயையும் மட்டுமே கண்டவன் 'சுக்கான்' என்று எழுதுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. திருச்சுழி வழியாக வரும் குண்டாறும் தண்ணீர் உள்ள வருஷத்தில் மூக்கையூரில் கடலைத் தொடுவதுதானே. ஆட்சேபணை வேறு: நம் கவிதைகளில் சுக்கான் எப்போதும் கட்டளையிடுகிறது.

நிஜத்தில் அதற்கு அந்த அதிகாரம் இல்லை. ஓடும் நீர் தன்மேல் மோதும்வரைதான் அதற்கு வேலை. காற்று விழுந்து படகு நின்றுவிட்டால் அது வெறும் பலகை. அளவுமீறித் திருப்பினாலோ படகைத் திருப்புவதற்குப் பதில் அதன் வேகத்தைத் தின்றுவிடும்.

பல வருஷங்களுக்கு முன் பாய்வைத்த வள்ளம் ஒன்றில் போனேன். அது ஓயாமல் காற்றின் பக்கமே முகம் திருப்பியது. பின்னால் இருந்த பையன் சுக்கான் கைப்பிடியை மார்போடு அணைத்து இழுத்துக்கொண்டிருந்தான். பெரியவர் சொன்னார்: "அதோட ஏன்டா மல்லுக்கட்டுற? பாயை எளக்கு." கயிறு தளர்ந்தது. படகு நேரானது. பாயின் விசை பின்பக்கம் கூடியிருந்ததுதான் காரணம். சுக்கானில் பழுதே இல்லை. எங்கள் ஊர் உழவனுக்கு இது புதிதல்ல. நுகத்தில் ஒரு மாடு முந்தினால் மேழியை எவ்வளவு அழுத்தினாலும் சால் கோணத்தான் செய்யும்.

பாய் சரியாக இருந்தும் படகு கோணினால்தான் சுக்கானைப் பார்க்க வேண்டும்: கொக்கி தேய்ந்து ஆடுகிறதா, வலைத்துண்டு சுற்றியிருக்கிறதா, கைப்பிடி திரும்பும் அளவுக்குப் பலகையும் திரும்புகிறதா.

மெய்யான பழுதும் உண்டு. வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு கடற்படைப் பெண்கள் உலகைச் சுற்றிய 'தாரிணி', 2018 ஏப்ரலில் சுக்கான் இயக்கம் கெட்டு மொரிஷியஸின் போர்ட் லூயியில் ஒதுங்கியது. பழுது பார்த்து மே 21-ல் கோவா சேர்ந்தது. தனியாக உலகைச் சுற்றும் போட்டியில் அபிலாஷ் டோமி, காற்றைக் கொண்டு படகைத் தானே ஓட்டும் கருவி பழுதானபோது கழிப்பறைக் கதவை அறுத்து அதற்குப் பலகை செய்தார். 2023-ல் இரண்டாவதாகக் கரையேறினார். கையில் உள்ளதை அறுக்கத் துணிவதும் ஒரு விவேகம்.

கவிதை கோணும்போது நாம் உடனே சொல்லை மாற்றுகிறோம். கைப்பிடி அதுதான், கைக்கு எட்டுவதும் அதுதான். எந்த அனுபவத்தின் காற்று, எந்தப் பாயில், எவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவு. அனுபவமே அசையாமல் நிற்கிற இடத்தில் எந்தச் சொல்லும் திருப்பாது.

இனி சுக்கானை எழுதுகிறவர், முதலில் காற்று எங்கிருந்து வருகிறது என்று சொல்லட்டும்.