சோடா விற்ற மைதானம்



போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காங்கேயத்தில் ஒரு தேங்காய்க் களத்தில் கூலிக்குக் கொப்பரை கிளறிக்கொண்டிருந்தேன். ரோட்டில் நம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் பைக்கில் வந்தார்கள். சட்டென்று சாக்கு அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அதை என் மாமா பார்த்துவிட்டார். கேரளாவுக்கு எண்ணெய் லோடு அடிக்கும் லாரி டிரைவர் அவர். "ஏன்டா மாப்ளே, திருடிட்டா ஒளியறே?" என்றார்.

"இல்லீங் மாமா, பாத்தா சிரிப்பானுங்க."

"திருச்சூர்ல போயி ஐ.எம்.விஜயன் யாருன்னு கேளு. அவுரு ஒளிஞ்சிருந்தா இன்னைக்கு அந்தப் பேரே இருக்காது."

'கொம்பன்', 'பிகில்' படங்களில் நடித்தவர் என்றுதான் எனக்கு அவரைத் தெரியும். மாமா சொன்ன பிறகுதான் தேடிப் படித்தேன்.

1969ல் திருச்சூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் விஜயன். சிறுவயதில் அவ்வூர் மைதானத்தில் மேட்ச் நடக்கும்போது சோடா விற்றார். ஒரு பாட்டிலுக்கு 10 பைசா. 17 வயதில் கேரள போலீஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. 1990ல் அந்த அணி பெடரேஷன் கோப்பையை வென்றது. எங்கே தெரியுமா? அதே திருச்சூர் மைதானத்தில்! சோடா பாட்டிலோடு சுற்றி வந்த இடத்தில் பூட்ஸ் கட்டி ஓடினார்.

பிறகு கல்கத்தாவின் மோகன் பகான். அதன் பின் பஞ்சாபின் ஜே.சி.டி. மில் அணி. நம் திருப்பூர் மாதிரி நூலையும் துணியையும் நம்பிய கம்பெனிதான் அது. 1996-97ல் முதல் தேசிய லீக்கை அந்த அணி வென்றபோது விஜயனும் அதில் இருந்தார். 1993, 1997, 1999 என மூன்று முறை இந்தியாவின் சிறந்த வீரர். 1999 தெற்காசிய விளையாட்டில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12வது விநாடியில் கோல்! 2003ல் அர்ஜுனா விருது. அந்த ஆண்டே சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு. 2025ல் பத்மஸ்ரீ.

இத்தனைக்குப் பிறகும் சோடா விற்ற கதையை அவர் மறைக்கவில்லை. அவரே சொல்லித்தான் நாடே தெரிந்துகொண்டது. என்னைச் சுட்டது அதுதான். என் பீஸைக் கட்டிய வேலையைத்தானே நான் சாக்குக்குப் பின்னால் ஒளித்தேன்!

அடுத்த ஞாயிறு அதே மூவர் அதே ரோட்டில் வந்தார்கள். நானே கையாட்டிக் கூப்பிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் மட்டும் போகும்போது மெதுவாகக் கேட்டான்: "மாப்ளே, இங்க இன்னொரு ஆள் எடுப்பாங்களாடா?"

இப்போது நாங்கள் இரண்டு பேர் கொப்பரை கிளறுகிறோம்.

பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, கண்ணெரிய முதல் பீரியடில் உட்காரும் நண்பனே! நீ தூங்கி வழிவதற்கு வாத்தியாரிடம் வேறு காரணம் சொல்லாதே. விஜயன் ஆகிறோமோ இல்லையோ, நம் சோடா பாட்டிலை மறைக்க வேண்டாம்.

– மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்