கம்பியில கட்டின ஆப்பிள் மரம்

2018 மார்ச்சுல இங்கிலாந்துல பெரிய பனிக்காத்து அடிச்சுது. அதுல எங்க வீட்டுப் பின்பக்கத்துப் பலகை வேலி சாஞ்சுபோச்சு. புது வேலிக்கு விலை கேட்டா தலை சுத்துச்சு. நாங்க இருக்கறது கென்ட், எந்தப் பக்கம் போனாலும் ஆப்பிள் தோப்புதான். சரி, ஆப்பிளையே வேலியாக்கிடலாம்னு முடிவு பண்ணினேன்.

எஸ்பாலியர்னு சொல்வாங்க. மரத்தை நாலாபக்கமும் விரிய விடாம, கம்பியில கட்டித் தட்டையா, ஏணி மாதிரி வளர்க்கறது. வெர்சாய் அரண்மனையில பதினாலாம் லூயியோட காய்கறித் தோட்டத்துலயே 17ஆம் நூற்றாண்டுல இந்த வேலையெல்லாம் நடந்திருக்கு. நமக்கு 12 மீட்டர் நீளம், மூணு மரம், மூணு வரிசைக் கம்பி. அவ்ளோதான் ராஜ்ஜியம் :-)

அந்த டிசம்பர்ல ஒட்டுக்கன்னு நட்டேன். காக்ஸ், ஜேம்ஸ் கிரீவ், எக்ரிமான்ட் ரஸ்ஸட். கிளை நுனியில காய்க்கற ரகம் இதுக்கு ஆகாது. கிளை நெடுக குட்டைக் கொம்பு விட்டுக் காய்க்கறதுதான் வேணும். நட்ட கையோட முதல் கம்பி உசரத்துல, 45 சென்டிமீட்டர்ல, தலையை வெட்டிடணும். காசு குடுத்து வாங்கின கன்னை வெட்டறப்போ கை நடுங்கத்தான் செஞ்சுது. கோடையில மூணு துளிர் வரும். நடுவுல இருக்கறது நேரா, மத்த ரெண்டும் மூங்கில் குச்சியில சாய்வா. இலை உதிர்ந்தப்புறம் அந்த ரெண்டையும் மெதுவா இறக்கிப் படுக்கை வாட்டத்துல கட்டணும். நிமிர்ந்து நிக்கற கிளை உசரம் போறதுலயே குறியா இருக்கும், படுக்க வெச்சாத்தான் பூ மொட்டு பிடிக்கும். வருசத்துக்கு ஒரு வரிசை.

"மெதுவா"ங்கறதுலதான் கோட்டை விட்டேன். 2019 நவம்பர்ல ஒரே மூச்சா இழுத்ததுல காக்ஸோட இடது கிளை அடியோட பிளந்துபோச்சு. அப்புறம் ஒரு தூங்கற மொட்டுக்கு மேல பட்டையைக் கீறிவிட்டு வேற கிளை வர வெச்சேன். அது இன்னும் குட்டைதான்.

2023ல அப்பா ஊர்ல இருந்து வந்தார். காங்கேயம் பக்கம் காடு, மாடுன்னு இருந்த மனுசன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "ஏஞ்சாமி, மரத்தைப் புடிச்சுக் கட்டிப் போட்டிருக்கறே?" ன்னார்.

"வேலிங்கப்பா."

"வேலியா..." அதுக்கு மேல அவர் பேசலை. எனக்குத்தான் சுருக்குன்னுச்சு.

எங்க கொரங்காட்டைச் சுத்தி கிளுவை வேலி இருந்துது. அப்பாரு போத்து நட்டு வளர்த்தது. ஆடு தழை தின்னும், பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறிக் கிடக்கும், அடியில கவுதாரி ஓடும். 2015ல பொக்லைன் வெச்சு அதைப் பிடுங்கி, கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போட்டோம். வருசா வருசம் வேலி வெட்ட ஆள் கிடைக்கலைன்னு அப்பா சொன்னது நிஜம். ஆனா யோசனை என்னது, பணமும் நான் அனுப்பினது. அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசலை, நானும் கேட்டுக்கலை.

ஆகஸ்ட்ல பக்கக் கிளைகளை மூணு இலை விட்டு நறுக்கணும். அந்த வருசம் அப்பாதான் நறுக்கினார். கத்தரிக்கோலை எங்கிட்டக் குடுக்கவே இல்லை. குட்டைக் கிளைக்கிட்ட வந்ததும், "இது என்ன பண்ணுச்சு?" ன்னு கேட்டார். சொன்னேன். "அவசரம்"னார்.

போன மாசம் போன் பண்ணப்போ, கிழக்குப் பக்கக் கம்பி ஓரமா நாப்பது கிளுவைப் போத்து நட்டிருக்கறதா சொன்னார். அப்போ கம்பியைப் பிடுங்கிடலாங்களான்னு கேட்டேன்.

"அது எதுக்கு? இருக்கட்டும், கட்டறதுக்கு ஆகும்."

ஏழு காஞ்சுபோச்சாம். மத்ததெல்லாம் துளிர் விட்டிருக்கு.