சீஸுக்கு மாற்று, யாருக்கு?

"சீஸ் சாப்பிடக்கூடாது, அதுக்குப் பதிலா என்ன இருக்கு?" அவலூர்பேட்டைப் பக்கம் இந்தக் கேள்வியை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். காரணம் மூவருக்கும் வேறு. ஒரே பதிலைச் சொல்லி அனுப்பினால் ஒருவருக்கு அது உயிராபத்து.

முதலாமவர் சமணர். மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்த குடும்பங்கள் செஞ்சி வட்டாரத்தில் பல ஊர்களில் உண்டு. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்ற துறவி 57 நாள் உண்ணாநோன்பு இருந்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டு இருக்கிறது. உணவில் கட்டுப்பாடு என்பது இந்த மண்ணுக்கு அவ்வளவு பழக்கம். இவர்களுக்குப் பாலில் தடையில்லை, பாலை உறையவைக்கும் பொருளில்தான் தடை. பழைய ஐரோப்பிய முறையில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டைச் சேர்ப்பார்கள். அமுல் போன்ற நம் நிறுவனங்கள் நுண்ணுயிரியிலிருந்து பெற்றதைச் சேர்க்கின்றன. பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்கினால் போதும்.

இரண்டாமவர் என் பெரியப்பா. பால் குடித்தால் வயிறு உப்பும். பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரை செரிக்காததால் வருவது இது. 1981ல் வெளியான ஓர் ஆய்வில், தென்னிந்தியர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இந்தச் சிக்கல் தெரியவந்தது. டெல்லியில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான். சீஸ் செய்யும்போது இந்தச் சர்க்கரையில் பெரும்பகுதி வடியும் நீரோடு போய்விடும், மிச்சத்தை நுண்ணுயிரிகள் தின்றுவிடும். அதனால் பல மாதம் பழுத்த செடார் போன்ற கெட்டி சீஸ் இவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

மூன்றாவது என் அக்கா மகள். அவளுக்குப் பால் புரதமே ஒவ்வாமை. கொஞ்சம் பட்டாலும் தடிப்பு, மூச்சுத்திணறல். பழுத்த சீஸும் ஆகாது, ஆட்டுப்பாலும் ஆகாது. பச்சைப் புள்ளி இவளுக்கு எந்த உத்தரவாதமும் தராது, பால் சைவம்தானே. மலிவு பீட்சாவில் போடும் 'அனலாக்' என்ற பண்டம் இன்னும் மோசமான பொறி. பால் கொழுப்புக்குப் பதில் பாமாயில் இருக்கும், பால் புரதம் அப்படியே இருக்கும். இதைப் 'பாலில்லாத சீஸ்' என்று நம்பிக் குழந்தைக்குக் கொடுக்கும் பெற்றோரை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. உறையில் கேசீன், வே, பால் திடப்பொருள் என்று எது இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

பள்ளித் தோழிகள் சீஸ் தோசை தின்பதைப் பார்த்து அவள் கேட்டாள். சீஸ் ஏன் உருகுகிறது என்று அப்போதுதான் படித்தேன். கேசீன் புரதத்தைச் சுண்ணாம்புச்சத்து பிணைத்துப் பிடித்திருக்கிறது. சூடு பட்டதும் பிடி தளர்ந்து வலை நெகிழ்கிறது. பயறு, கொட்டைப் புரதங்கள் அப்படி நெகிழாது. அவற்றை வைத்துச் செய்தால் நூலாக இழுபட மரவள்ளி மாவு வேண்டும், கொழுப்புக்குத் தேங்காய் எண்ணெய், புளிப்புக்குப் புளித்த தானிய நீர். வெளிநாட்டு முந்திரி சீஸின் கணக்கு இதுதான். நீராகாரம் வைக்கும் வீட்டில் புளிப்புக்கு எங்கே தேடுவது? முந்திரிக்குப் பண்ருட்டி இருக்கிறது, ஆனால் விலை. எங்கள் ஊரில் மலிவு மல்லாட்டை எனும் நிலக்கடலைதான்.

மல்லாட்டை அவளுக்கு ஆகுமா என்று மருத்துவரிடம் கேட்ட பிறகே தொட்டேன். அதுவும் பலருக்கு ஒவ்வாமை தரும் பயிர். ஊறவைத்துத் தோல் நீக்கி, பச்சை வாசனை போக வேகவைத்து, வெண்ணெய்போல் அரைக்க வேண்டும். மோர் விடாத நீராகாரத்தைக் கலந்து இரவு முழுக்கப் புளிக்கவிட வேண்டும். மோர் விடாத என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் வீடுகளில் கை தானாக மோர்ச் சட்டிக்குப் போய்விடும். காலையில் உப்பு, எண்ணெய், தண்ணீரில் கரைத்த மரவள்ளி மாவு சேர்த்துச் சிறுதீயில் கிண்டினால் பசையாகத் திரண்டு வரும். தோசைமேல் தடவி மூடிவைத்துக் கொடுத்தேன்.

"சித்தி, நூல் வருது பாரு!" என்றாள்.

சீஸின் சுவை அதில் முழுதாக வராது. மல்லாட்டை வாசம் இருக்கத்தான் செய்யும், அவளுக்கு அது பிடித்திருக்கிறது. சத்துக் கணக்கு தனி. மல்லாட்டையில் புரதம் நாலில் ஒரு பங்கு உண்டு, சுண்ணாம்புச்சத்து குறைவு. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது என்பதால் தோசை மாவில் பாதியைக் கேழ்வரகாக மாற்றிவிட்டோம், தொட்டுக்கொள்ள எள்ளுப்பொடி. பி12 செடிகொடியில் கிடைக்காது; அதற்கு அவள் முட்டை சாப்பிடுகிறாள்.