வினாத்தாளின் ‘நான்’

குழந்தையின் மத உணர்வை ஒரு எண்ணாக மாற்றலாம் என்றால் நம்மில் பலர் முகம் சுளிப்பார்கள். சுளிப்பதற்கு முன் அந்த வினாத்தாளை ஒரு பிரதியாகப் படித்துப் பார்ப்பது நல்லது.

இங்கிலாந்தின் லெஸ்லி ஃப்ரான்சிஸ் 1978-ல் வெளியிட்ட அளவுகோலில் 24 வாக்கியங்கள். கடவுள், இயேசு, பைபிள், பிரார்த்தனை, தேவாலயம் இவை பற்றிக் குழந்தை என்ன உணர்கிறது என்பதே விஷயம். எந்தச் சபையைச் சேர்ந்தது என்பதல்ல. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ஐந்து கட்டங்கள், முழுச் சம்மதத்திலிருந்து முழு மறுப்புவரை, நடுவில் ‘நிச்சயமில்லை’. எதிர்மறை வாக்கியங்களுக்கு மதிப்பெண் தலைகீழ். கூட்டினால் 24-க்கும் 120-க்கும் இடையில் ஒரு எண். ஐந்து கட்ட முறை லிக்கர்ட் 1932-ல் தந்தது. அதற்கும் முன், 1929-ல், தர்ஸ்டனும் சேவும் மனப்பான்மையை அளக்கச் செய்த கருவியும் தேவாலயத்தைப் பற்றியதுதான். ஃப்ரான்சிஸின் ஆய்வுகள் காட்டியது ஒரு சரிவு: வயது ஏற ஏற எண் இறங்குகிறது, 1974-க்கும் 1986-க்கும் இடையில் அதே வயதுப் பிள்ளைகளிடமும் இறங்கியிருக்கிறது. காலியாகிக்கொண்டிருந்த ஆலயங்களைப் பார்த்துக் கவலைப்பட்ட ஒரு சமூகத்தின் கேள்வி அது.

கல்மண்டபத்தில் உட்கார்ந்து இந்த வாக்கியங்களைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். ராயபுரம் என்ற பெயரே ராயப்பரிடமிருந்து வந்தது என்பார்கள். ராயப்பர் கத்தோலிக்கரின் பழைய தமிழ். அதே ஆள் ப்ராடஸ்டண்ட் பைபிளில் பேதுரு. சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. தேவாலயம் என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆர்.சி. வீட்டில் கோயில், சி.எஸ்.ஐ. வீட்டில் சர்ச், பெந்தெகொஸ்தே வீட்டில் சபை. எதைப் போட்டாலும் மற்ற இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு அது அடுத்த வீட்டு விஷயம். ‘பிரேயர்’ என்று போட்டால் பள்ளிக்கூடத்தில் காலையில் வரிசையில் நிற்பது என்று அர்த்தமாகிவிடும். இயேசு உதவுகிறார் என்று எழுதினால் இலக்கணப்படி சரி. ஆனால் காசிமேட்டில் ஆண்டவர் காப்பாற்றுவார், கைவிடமாட்டார். உதவி பக்கத்து வீட்டுக்காரர் செய்வது. ‘சலிப்பு’ பாடப்புத்தகச் சொல். பிள்ளை சொல்வது ‘போர்’. அச்சில் சலிப்பைக் கண்டதும் இது பரீட்சை என்று அதற்குத் தெரிந்துவிடும்.

சொற்களைவிடப் பெரிய சிக்கல் ‘நான்’. வாக்கியங்களில் பெரும்பாலானவை தன்மை ஒருமையில் அமைந்தவை. யாரோ எழுதிவைத்த ‘நான்’ அது. குழந்தை அதற்குள் புகுந்து, பொருந்துகிறதா என்று சொல்ல வேண்டும். கவிதையும் வாசகனிடம் இதையே கேட்பதால் எனக்கு இது அந்நியமாகப் படவில்லை. ஆனால் மதம் பற்றிக் கேட்டால் இங்கே பிள்ளைகள் ‘நாங்க’ என்றுதான் தொடங்குகிறார்கள். நாங்க ஆர்.சி., நாங்க சி.எஸ்.ஐ. பேசுவது வீடு.

இதற்குக் காரணம் பழக்கம் மட்டுமல்ல. 1950-ன் ஜனாதிபதி உத்தரவு பட்டியல் சாதி அந்தஸ்தை இந்துக்களுக்கே தந்தது, 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகவும் சர்டிபிகேட்டில் வேறொன்றாகவும் வாழும் குடும்பங்கள் உண்டு. இயேசுவைப் பற்றித் தான் உணர்வதைத் தாளில் போடக் கூடாது என்பது அந்த வீட்டுப் பிள்ளைக்கு யாரும் சொல்லாமலே தெரியும். அது நடுக்கட்டத்தில் டிக் போடும். மதிப்பெண் 3. அளவுகோல் அதை நிச்சயமின்மை என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

1983-ல் ஃப்ரான்சிஸ், பியர்சன், கே மூவரும் ஒரு கட்டுரைக்கு ‘மதப்பற்றுள்ள குழந்தைகள் பெரிய பொய்யர்களா?’ என்று தலைப்பிட்டார்கள். ஆளுமைச் சோதனையிலுள்ள பொய் அளவையில் அப்பிள்ளைகள் கூடுதலாக மதிப்பெண் பெற்றதுதான் விஷயம். அது பொய்யா, பெரியவர்களுக்கு இணங்கிப்போகும் சுபாவமா என்று விவாதிக்கலாம். நம் ஊரில் மூன்றாவதாகக் குடும்பத்தின் ஜாக்கிரதையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த வினாத்தாளை நான் தூக்கிப் போடமாட்டேன். அட்மிஷன் பாரம், சாதிச் சான்றிதழ், ஞானஸ்நானப் பதிவேடு என்று நம் தாள்கள் எல்லாம் ஆள் எந்தப் பட்டியலில் என்றே கேட்கின்றன. செவ்வாய்க்கிழமை ஆர்மேனியன் தெருவில் அந்தோணியார் முன் மெழுகுவர்த்தியோடு நிற்கும் இந்துப் பையன், ஞாயிறு பள்ளியில் கொட்டாவி விடும் கிறிஸ்தவப் பையனைவிட இந்த அளவுகோலில் அதிக எண் பெறக்கூடும். வேறெந்தத் தாளிலும் இது பதிவாக வழியில்லை. இந்து மதத்துக்கென்றே சந்தோஷ்–ஃப்ரான்சிஸ் அளவுகோல் 2008-ல் வந்தது. அந்தப் பையன் இரண்டிலும் உயர்ந்த எண் பெற்றால் அவனை என்னவென்று அழைப்பது என்பது அளப்பவரின் பிரச்னை, அவனுடையதல்ல.

தமிழில் இதைச் செய்பவர்கள் முதலில் தாளின் தலைப்பில் பெயர், பள்ளி, சாதி கேட்கும் கோடுகளை அடித்துவிட வேண்டும். தாளை வாங்குகிறவர் வகுப்பு வாத்தியாராக இருக்கக் கூடாது. ‘போர்’ என்றே அச்சிட வேண்டும். அப்போது பைபிள் வாசிப்பு போர் என்று ஒரு பிள்ளை டிக் போட்டால், அல்லது வீட்டுச் சர்டிபிகேட்டுக்கு எதிராக இயேசுவைப் பிடிக்கும் என்று டிக் போட்டால், வேறெங்கும் சொல்ல முடியாத ஒரு ‘நான்’ அங்கே சொல்லப்பட்டிருக்கும். கூட்டி வரும் எண் எதுவானாலும் சரி.