கம்ப்ரசர் பக்கத்தில் ஒரு சுவிட்ச்

செம்பவாங்கில் புது வீவக வீட்டின் சாவி கைக்கு வந்ததும் எங்கள் வீட்டிலும் தரைக்கல், சமையலறை அலமாரி, சுவர் நிறம் என்றுதான் பேச்சு ஓடியது. ஆனால் அதிக வாக்குவாதம் நடந்தது உள்ளங்கை அளவுள்ள ஒரு சுவிட்சுக்காக.

ஏசியின் வெளிப்பெட்டியை, அதாவது நாம் கம்ப்ரசர் என்று சொல்வதை, மின்சாரத்திலிருந்து தனியாகத் துண்டிக்கும் சுவிட்ச் அது. மின்வேலை செய்பவர்கள் ‘ஐசோலேட்டர்’ என்பார்கள். அதை அலமாரிக்குப் பின்னால் மறைத்துவிடலாம் என்றார் புதுப்பிப்புக் குத்தகையாளர். பார்க்க அழகாக இருக்குமே என்று என் மனைவியும் தலையாட்டினாள்.

மாமனார் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. கப்பல் பட்டறையில் மின்பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். 1938ல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் 1968ல் வணிகக் கப்பல் பட்டறை தொடங்கிய ஊர் இது. அந்தப் பழக்கம் அவரிடம் இன்னும் இருக்கிறது.

“மாப்பிள்ளை, கப்பல்ல ஒரு மோட்டாரைத் திறக்கணும்னா முதல்ல சுவிட்சை அணைச்சுப் பூட்டுப் போடுவோம். பேர் எழுதின அட்டையைத் தொங்கவிடுவோம். சாவி வேலை செய்றவன் பையிலதான் இருக்கும்,” என்றார்.

“ரிமோட்டில் அணைத்தால் போதாதா மாமா?” என்று கேட்டேன்.

போதாது. ரிமோட் கம்ப்ரசரின் ஓட்டத்தை நிறுத்துமே தவிர, பெட்டிக்கு வரும் 230 வோல்ட்டைத் துண்டிக்காது. பல ஏசிகளில் மின்சாரம் முதலில் வெளிப்பெட்டிக்குப் போய், அங்கிருந்துதான் அறைக்குள் வருகிறது. வாசலருகே உள்ள டிபி பெட்டியில் அணைக்கலாம்தான். ஆனால் வீட்டின் பின்பக்கம் குனிந்து வேலை செய்பவரின் கண்ணுக்கு அந்தப் பெட்டி தெரியாது. ‘ஏசி ஏன் வரவில்லை’ என்று வீட்டில் ஒருவர் அதைத் தட்டிவிட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு இதற்கு அளவே சொல்கிறது. துண்டிக்கும் சுவிட்ச் இயந்திரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி, 50 அடிக்குள் இருக்க வேண்டும். பழுதுபார்ப்பவர் கருவிகளைச் செருக 25 அடிக்குள் ஒரு பிளக் பாயிண்டும் வேண்டும்.

சிங்கப்பூரில் மின் நிறுவலுக்கான நெறிமுறை எஸ்எஸ் 638. மின்கம்பி வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின் ஊழியர் செய்ய வேண்டும். வீவக வீடுகளில் ஏசி பொருத்துபவர் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தை நிறுத்தும் ஆர்சிசிபி கருவியும் 2025 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் கட்டாயம். ஆனால் ஒருவர் மின் வரும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒருசேரத் தொட்டால், அதைக் கசிவு என்று அந்தக் கருவி கண்டுகொள்ளாமல் போகலாம். கை வைப்பதற்கு முன்பே மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் பாதுகாப்பு.

கடைசியில் மாமனார் சொன்னபடியே நடந்தது. துணி துவைக்கும் இடத்துச் சுவரில், கம்ப்ரசரைப் பார்த்தபடி கைக்கெட்டும் உயரத்தில், இரு கம்பிகளையும் துண்டிக்கும் சுவிட்ச். மழைச்சாரல் படாதபடி மூடி. பக்கத்திலேயே ஒரு 13 ஆம்பியர் பிளக் பாயிண்ட். தண்ணீர் பீய்ச்சும் பம்புக்காகப் படுக்கையறையிலிருந்து வயரை இழுக்க வேண்டியதில்லை.

வீடு புதுப்பிப்பவர்கள் குத்தகையாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஐசோலேட்டர் எங்கே வருகிறது? கம்ப்ரசர் அருகில் நிற்பவருக்கு அது தெரியுமா? ஈரம் தாங்குமா? நீங்களாகப் பெட்டியைத் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும்.

முதல் சர்வீசுக்கு வந்தவர் புதுக்கோட்டைக்காரர், இருபத்தைந்து வயதிருக்கும். சுவரைப் பார்த்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு, “இது இங்க இருக்கிறது நல்லதுண்ணே. பாதி வீட்டுல தேடணும்,” என்றார். மாமனார் எதுவும் சொல்லவில்லை. ஒரு துண்டு அட்டையில் ‘வேலை நடக்கிறது, தொடாதீர்’ என்று எழுதிச் சுவிட்சின் மேல் ஒட்டிவிட்டு, அவருக்குத் தேநீர் போடச் சொன்னார்.